சீட் பிடிக்கப் போட்ட மஞ்சள் பை

போன ஆவணியில் நடந்தது இது. என் ஒரே தம்பிக்குத் திருச்செந்தூரில் கல்யாணம். முகூர்த்தம் காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள். வீட்டில் எல்லோரும் முந்தின நாள் சாயங்காலமே வேன் பிடித்து மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஸ்ரீவைகுண்டத்தில் தங்கிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று காலையில் தாலியை எங்கள் ஊர் அம்மன் காலடியில் வைத்துப் பூஜை செய்து, பூவோடு வாங்கிக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போக வேண்டும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரிடம் கொடுத்தாலும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார்கள் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகமறதி, எனக்கு மட்டும்தான் பொறுப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

என் கணவர் காரை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முகூர்த்த நாளில் திருச்செந்தூர் ரோடு எப்படி இருக்கும் என்று தெரியாதா? ஆறுமுகநேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். பதினோரு வருஷமாகத் தினமும் ரயிலில்தான் போய்வருகிறேன். இந்த ரயிலைப் பற்றி எனக்கே ஒருவர் சொல்லித் தருவதாவது!

ஆனால் அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் பழைய ரயில் இல்லை. வழக்கமான பெட்டிகளைப் பராமரிப்புக்குக் கொண்டுபோயிருந்ததால், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று ஒரு பழைய மின்சார ரயிலை விட்டிருந்தார்கள். சென்னையில் புறநகர் ரயிலாக ஓடி ஓடிக் களைத்த வண்டி. சுவரோரமாக நீள நீளமான பெஞ்சுகள், எதிரும் புதிருமாக. நடுவில் கல்யாண மண்டபம் மாதிரி காலி இடம். மேலே வரிசையாகக் கைப்பிடிகள் தொங்கும். கழிவறை கிடையாது. தனியாக எஞ்சின் என்று ஒன்றும் கிடையாது, முன்பெட்டியிலேயே ஒரு பக்கம் மோட்டார் அறை. எங்கள் தினசரிப் பயணிகள் வாட்ஸ்அப் குழுவில் இந்த வண்டியைத் திட்டி நான் எழுதாத நாள் இல்லை. மற்றவர்களோ சின்னப் பிள்ளைகள் மாதிரி கைப்பிடியில் தொங்கிப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், காற்று நன்றாக வரும். வயலும் வாழையும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரியும். அதை நான் குழுவில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை பூஜை முடிந்தது. தாலியைக் கைப்பையில் வைக்கலாமா என்று யோசித்தேன். மூளை வேலை செய்தது. திருடன் பார்த்தால் கைப்பையைத்தானே பார்ப்பான்? பூப்பையை யார் பார்க்கப்போகிறார்கள்? தாலியைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஒரு மஞ்சள் துணிப்பையின் அடியில் வைத்து, மேலே வாழையிலையில் பொதிந்த பிச்சிப்பூவைப் பரப்பினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன்.

நிற்கிற இடத்திலேயே முதல் தப்பு. பட்டுச்சேலை கட்டிய மயக்கத்தில் பழைய ரயில் நிற்கும் இடத்தில் போய் நின்றுவிட்டேன். இந்த வண்டிக்குப் பெட்டிகள் குறைவு, அது தள்ளி முன்னால் போய் நின்றது. கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். முன்பெட்டியில் ஜன்னல் வழியாக ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் தெரிந்தது. பிறகு நடந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. பதினோரு வருஷப் பழக்கம். மஞ்சள் பையை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே திணித்துப் பெஞ்சில் போட்டு, "சீட்டு போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க!" என்று உள்ளே இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, கதவைப் பார்த்து ஓடினேன்.

எங்கள் பழைய பெட்டிக்குக் கதவு கடைசியில் இருக்கும். இதற்கு நடுவில். என் கால் கடைசிக்குத்தான் ஓடியது. போய்ப் பார்த்தால் கதவு இல்லை, மோட்டார் அறையின் தகரச் சுவர்தான் இருந்தது. திரும்பினேன். ஒரு சின்ன ஹார்ன். பழைய ரயில் என்றால் முனகி, குலுங்கி, யோசித்துப் புறப்படும், ஒரு கிழவர்கூட ஏறிக்கொள்ளலாம். இது 'உய்ங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டது. தாலி போய்விட்டது. நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன்.

அதே வண்டியில் பாளையங்கோட்டையிலிருந்து சாகுபுரத்துக்கு வேலைக்குப் போகும் ஓர் அண்ணாச்சி உண்டு, எங்கள் குழுவில் ஒருவர். அவரைக் கூப்பிட்டு, முன்பெட்டியில் என் பூப்பை இருக்கிறது, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தாலி என்று சொல்ல வாய் வரவில்லை.

"டீச்சரையே வண்டி விட்டுட்டு வந்துட்டுதா!" என்று சிரித்தார். அவர் இருந்தது கடைசிப் பெட்டி. இந்த வண்டியில் பெட்டிக்குப் பெட்டி உள்ளே நடந்து போக முடியாது. ஆழ்வார்திருநகரியில் இறங்கி, தொப்பையைத் தூக்கிக்கொண்டு முன்பெட்டிக்கு ஓடியிருக்கிறார் பாவம்.

அதற்குள் நான் ஓர் ஆட்டோவைப் பிடித்துத் திருச்செந்தூருக்குக் கிளம்பியிருந்தேன். அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. பை இருக்கிறதாம். நிற்க இடமில்லாத கூட்டத்திலும் பை கிடந்த இடத்தில் யாரும் உட்காரவில்லையாம். ஆனால் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டி, முருகனுக்கு விரதம் இருந்து வரும் ஒரு பெண் பையைத் தொட விடவில்லை.

"இந்த அக்கா தர மாட்டேங்காக டீச்சர். நீங்களே பேசுங்க" என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"எடம் போட்டவுக வந்தா எடத்தையும் தாரேன், பையையும் தாரேன். ஆரு கேட்டாலும் தூக்கிக் குடுக்கவா நான் ஒக்காந்திருக்கேன்?" என்றது ஒரு கணீர்க் குரல்.

"எடம் போட்டது நான்தான்" என்றேன்.

"அப்ப பையில என்ன இருக்குன்னு சொல்லுங்க."

"பிச்சிப்பூ."

"பூ மேலயே தெரியுது. கண்ணு இருக்கவுக எல்லாரும் சொல்லிருவாக. அடியில என்ன இருக்கு?"

ஸ்பீக்கரில் ஒரு பெட்டி ஜனமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தங்கம் இருக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்வதா? சொல்லாவிட்டால் பை வராது. பத்தரைக்குள் தாலி கட்ட வேண்டும். வேறு வழியில்லை. "தாலி இருக்குக்கா" என்றேன். "எங்க தம்பிக்கு இன்னைக்குக் கல்யாணம். சின்ன டப்பால இருக்கு. பத்தரைக்குள்ள கட்டணும்."

பிறகு, "அடியாத்தி! முருகா!" என்று அந்தப் பெண்ணின் குரல். அதோடு போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

அடுத்த அரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது? எந்த மண்டபம் என்றுகூட நான் சொல்லவில்லையே. திருச்செந்தூரில் மண்டபத்துக்கா பஞ்சம்? எத்தனை பவுன் என்று பெட்டி முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள், யார் எந்த ஸ்டேஷனில் இறங்குவார்களோ என்றெல்லாம் மனது ஓடியது. அம்மா கூப்பிட்டு எங்கே வருகிறாய் என்றாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன், அது பொய் இல்லை. கடைசியில் என் கணவரைக் கூப்பிட்டு அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். வேறு யாராவது என்றால் 'எங்களையெல்லாம் என்ன பேச்சு பேசுன' என்று ஆரம்பித்திருப்பார்கள். அவர் உடனே ஸ்டேஷனுக்கு ஓடினார்.

குரும்பூர் தாண்டி ஒரு ரயில்வே கேட். மூடியிருந்தது. வழியில் எதிர்வண்டிக்காக நின்று தாமதமாகியிருக்கும் போல, அந்த மின்சார ரயில் என் கண் முன்னாலேயே கடகடவென்று போனது. வாசலெல்லாம் பச்சைச் சேலைகள் காற்றில் பறந்தன. தாலி பத்தடி தூரத்தில் போகிறது, நான் ஆட்டோவில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டோ டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்திவிட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு என் கணவர் போன் செய்தார். "ஏளா, பச்சைச் சேலைன்னு சொன்னியே, வண்டியில எறங்குனதுல பாதிப்பேரு பச்சைச் சேலைதான்! நான் யாரப் போய்க் கேக்க?"

அவ்வளவுதான், தம்பி கல்யாணத்தை நானே நிறுத்திவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். பத்து மணி தாண்டி ஊருக்குள் நெரிசல். ஆட்டோவை விட்டு இறங்கி மண்டபத்துக்கு ஓடினேன். அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது என்றுதான் வழியெல்லாம் நினைப்பு.

மண்டப வாசலில் ஒரே பச்சை. இருபது முப்பது பெண்கள். உள்ளே நாதஸ்வரம் கேட்கிறது. மேடையில் தாம்பாளத்தில் தேங்காய்மேல் தாலி இருக்கிறது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "உன் பிரெண்டு கிட்டக் குடுத்துவிட்டுட்டு நீ எங்க போன, ஏளா?" என்று அதட்டினாள்.

நான் எடுத்துப் போனது எங்கள் கல்யாணத்துக்கென்று அடித்த தாம்பூலப் பை. மணமக்கள் பெயர், மண்டபத்தின் பெயர் எல்லாம் அதிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு கட்டுப் பையை நானே அச்சகத்தில் போய் வாங்கி வந்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் படித்துப் பார்த்து, கோயிலுக்குப் போகிற கூட்டத்தையே திருப்பிக்கொண்டு நேராக மண்டபத்துக்கு வந்துவிட்டாள்.

என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எடம் போட்டவுக நீங்கதானா? அழுவாதீங்கக்கா, நேரமாவுது, போய் முடிச்சுப் போடுங்க" என்று தள்ளிவிட்டாள். தம்பி முதல் முடிச்சைப் போட, நாத்தனார் முடிச்சை நான் போட்டேன். பச்சைச் சேலைக் கூட்டம் போட்ட குலவையில் நாதஸ்வரமே அமுங்கிப்போனது. சாமி பார்க்காமல் சாப்பிட மாட்டோம் என்று சொல்லி, பந்திக்கு உட்காராமல் கிளம்பிவிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. இதையெல்லாம் கேட்ட புதுப்பெண், தூத்துக்குடிக்காரி, "எனக்கு அந்த ரயில்லயே போகணும் மைனி" என்று என்னிடம் கேட்டாள். கார் இருக்கும்போது இது என்ன ஆசை என்று பெரியவர்கள் முணுமுணுக்க, சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் மணமக்களோடு அதே வண்டியில் ஏறினோம். பட்டுச்சேலையும் மாலையுமாக அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தாள். உப்பளத்துக் காற்று உள்ளே வந்து நிறைந்தது. எதிர்ப் பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் மணமக்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் படம் எடுக்கவில்லை, நல்ல வேளை.

ஆறுமுகநேரியில் அண்ணாச்சி ஏறினார். போனில் சார்ஜ் போய்விட்டது, தாலி போய்ச் சேர்ந்ததோ என்னவோ என்று நாள் முழுக்க அவருக்கும் வேலை ஓடவில்லையாம். அப்புறம்தான் பெட்டிக்குள் நடந்ததைச் சொன்னார். போன் கட்டானதும் அந்தப் பெண் டப்பாவைத் திறந்து, "எல்லாரும் பாத்துக்கிடுங்க, தாலி இருக்கு, ரெண்டு தங்கக் குண்டு இருக்கு. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்று நடுவில் நின்று காட்டியிருக்கிறாள். தாலியைப் பார்த்துவிட்டு வாழ்த்தாமல் எப்படிக் கொடுத்துவிடுவது என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். மண்டபத்தில் தாம்பாளம் சுற்றி வருவது போல டப்பா பெஞ்சோடு பெஞ்சாகக் கிளம்பிவிட்டது.

"இந்தா, இங்கன இருந்து அந்தக் கோடி வரைக்கும் போயி, அந்தால எதுத்த பெஞ்சு வழியா திரும்பி வந்துது டீச்சர். ஒரு ஆள் விடாம தொட்டுக் கும்பிட்டாங்க. நாசரேத்துல ஏறுன அம்மா ஒருத்தங்க கண்ண மூடி ஜெபம் பண்ணுனாங்க. காயல்பட்டினத்துக்குப் போற ஒரு உம்மா துஆ செஞ்சாங்க. நானும் தொட்டேன்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் வெட்கத்தோடு.

புதுப்பெண் தாலியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அந்த நீளப் பெஞ்சை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள்.

அடுத்த மாதமே எங்கள் பழைய ரயில் திரும்பி வந்துவிட்டது. ஒரு பொருளைப் பத்திரமாக வைப்பதென்றால் யார் கண்ணிலும் படாமல் வைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அரை மணி நேரம் நான் ஆட்டோவில் யார் யாரை நினைத்துப் பயந்தேனோ, அவர்கள் கையெல்லாம் பட்டு, அவர்கள் வாழ்த்தையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் என் தம்பி மனைவி கழுத்துக்குத் தாலி வந்து சேர்ந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருக்கிறது.