சொல்லாமல் விட்ட முதல் அடி

குழந்தைகள் காப்பகத்தில் என்னோடு வேலை பார்ப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சிஐடி. எந்தப் பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டது, எது குப்புற விழுந்தது, எது ஒரு கையை மட்டுமே நீட்டுகிறது, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பொம்மையை எட்டியும் எட்டாமலும் வைத்து ஆசை காட்டித் தவழ வைப்பாள். நாற்காலிகளைச் சற்றே தள்ளித் தள்ளிப் போட்டு, பிடித்து நிற்கும் பிள்ளையை அடுத்ததற்குப் போக வைப்பாள்.

எல்லாவற்றையும் பெற்றவர்களிடம் சொல்வோம், முதல் அடியைத் தவிர. அது அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டியது. "இன்னிக்கோ நாளைக்கோ நடந்துருவான், வீட்ல பாத்துக்கிட்டே இருங்க" என்று அனுப்பிவிடுவோம். மறுநாள் அந்தத் தாய் வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பாள். "அட, அப்படியா!" என்று இவள் வாயைப் பிளப்பாள் பாருங்கள், நடிப்பென்றால் அதுதான் நடிப்பு. இந்தக் கூத்தையெல்லாம் வீட்டிலும் சொல்லிச் சிரிப்பாளாம்.

அவள் மகளுக்கும் நடக்கிற வயதுதான். வேலை செய்பவர்களின் பிள்ளைகளை இங்கே சேர்க்க மாட்டார்கள். அம்மா கண்ணில் பட்டால் சொந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளைத் தூக்க விடாதாம். நல்ல சட்டம், போங்கள்! குழந்தை பகலெல்லாம் நாத்தனாரிடம்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் என் கையப் புடிச்சுத்தான் நடக்குது. எம்பொண்ணு நடக்கறத மட்டும் நான் பாத்துரணும்க்கா" என்று பேருந்தில் தினமும் புலம்புவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையிலேயே உட்கார்ந்திருப்பாள். மகாராணி அசைந்து கொடுக்க மாட்டாள்.

ஒரு மாலை நானும் அவளோடு போனேன். கதவைத் திறந்ததுமே நாத்தனார், "அண்ணி, அங்கேயே நில்லுங்க. இன்னிக்கு என்னமோ நடக்கப் பாக்கறா!" என்றாள்.

குழந்தை சுவரை விட்டு வந்தது. வழியில் ஒரு கரண்டி கிடந்தது. நின்றது, குந்தி உட்கார்ந்து எடுத்தது, எதையும் பிடிக்காமல் எழுந்தது, அம்மாவைப் பார்த்துத் திரும்பி நடந்தது. முதல் நாள் நடக்கும் பிள்ளை தொப்பென்று விழும். குனிந்து எடுத்து எழ நாளாகும். எனக்கே தெரிந்தது, சிஐடிக்குத் தெரியாதா?

நாத்தனார் அவள் முகத்தையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, நடந்துட்டியாடி!" என்று அவள் மகளை வாரி அணைத்தாள். "நான் வர்ற வரைக்கும் காத்திருந்தியா கண்ணு?"

நாத்தனாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் கிளம்பினேன். வாசல் வரை வந்த சிஐடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"முதல்ல விழுந்தப்ப என்னைத் தேடியிருப்பாளாக்கா?"

"தேடாம இருப்பாளா?" என்றேன். வேறென்ன சொல்ல?