நாத்தனார் புடவை

காரைக்காலில் இப்போது நான்கு மாடி ஜவுளிக்கடை வந்துவிட்டது. முன்பெல்லாம் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேன் பிடித்துக் கும்பகோணம் போவோம். வழியில் ஒருவர் வாந்தி எடுப்பார், ஒருவர் கோபித்துக்கொள்வார், திரும்பி வரும்போது எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குவார்கள். இப்போது எங்கள் ஊர் நெடுங்காட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஏசி காற்று முகத்தில் அடிக்கிறது. சண்டை மட்டும் பழையபடிதான்.

போன வருடம் சித்திரையில் என் தம்பியின் கல்யாணத்துக்கு அங்கேதான் துணி எடுத்தோம். வைகாசியில் முகூர்த்தம். கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். ஒன்று பட்டுப் புடவையில் கல்யாணப் பெண். ஒன்று கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பட்டம் வாங்கும் பெண். மூன்றாவது, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு காட்டன் குர்த்தாவில் வெயில் காலத்தைக் கொண்டாடும் பெண். புருஷனை விட்டு வந்தவளுக்கு என்று ஒரு பொம்மை வைக்க எந்தக் கடைக்காரருக்கும் தோன்றாது. வைத்தால் வியாபாரம் படுத்துவிடும்.

அங்கி போட்ட பொம்மையைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துக்கொண்டு நின்றேன். தபால் வழியில் எம்.ஏ. முடித்திருந்தேன். ஆனி மாதம் புதுச்சேரியில் பட்டமளிப்பு விழா. கல்யாணத் துணியெல்லாம் எடுத்து முடித்த பிறகு, ஓசைப்படாமல் மூன்றாம் மாடிக்குப் போய் எனக்கென்று ஒரு காட்டன் புடவை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். முப்பத்தொன்பது வயதில் பட்டம் வாங்குவதை வீட்டில் யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அன்றைக்கு அது பெரிதில்லை. அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது வேறொரு புடவை.

தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டையும் அவனுடைய கூடப் பிறந்தவள் போட வேண்டும். அதற்காக அவளுக்கு நல்ல பட்டாக ஒன்று தனியாக எடுப்பார்கள். எங்கள் வீட்டில் அதை நாத்தனார் புடவை என்போம். என் தம்பிக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

அவனுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா வயலுக்குப் போய்விடுவாள், இடுப்பில் அவனைச் சுமந்தது நான். என் கல்யாணத்தன்று அழுது அழுது காய்ச்சல் வந்து படுத்தான். என் கணவருக்குத் திருப்பூரில் இன்னொரு குடும்பம் இருப்பது ஐந்தாம் வருடம் எனக்குத் தெரிந்தது. மற்ற எல்லோருக்கும் முன்பே தெரியுமாம். ஒரு பெட்டியோடு நெடுங்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்த தம்பி ஓடி வந்து பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவே அவனை நான் எந்த இடத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவன் பட்டம் வாங்கப் போனபோது வெள்ளைச் சட்டை எடுக்க அவனும் நானும்தான் காரைக்காலுக்குப் போனோம். இந்த நான்கு மாடி அப்போது இல்லை. பழைய கடை, ஒரே ஒரு ஃபேன், வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டியது. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு அவன் சொன்னான்.

"எனக்குக் கல்யாணம்னா நீதான்க்கா முடிச்சு போடணும். வேற யாரையும் விடமாட்டேன்."

நான் கேட்டு அவன் சொல்லவில்லை. அவனாகத்தான் சொன்னான். அதைத்தான் நான் ஐந்து வருடமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

துணி எடுக்கப் போன அன்று பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள். ராகு காலத்துக்கு முன்னால் முகூர்த்தப் பட்டை எடுத்து, கடைக்காரர்கள் தட்டில் வெற்றிலை, பழம், குங்குமத்தோடு வைத்துக் கொடுக்க, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டோம். பெண் வீட்டார் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் நாங்கள்தான்: நான், அம்மா, தம்பி, என் சித்தப்பா மகள். அவள் எனக்குச் சின்னவள், திருநள்ளாற்றில் வாழ்க்கைப்பட்டு ஒரு குழந்தையோடு இருக்கிறாள். எதற்கு அவளையும் அழைத்து வந்தோம் என்று அம்மாவிடம் கேட்டேன். ஒத்தாசைக்கு என்றாள். ஒத்தாசைக்கு வந்தவள் காலையிலிருந்து குழந்தையைத்தான் துரத்திக்கொண்டிருந்தாள்.

உறவுக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கும் புடவைகளை முதலில் எடுத்தோம். யாருக்கு எந்தத் தரம் என்று அம்மாவின் மனதில் ஒரு பட்டியல் இருக்கும். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போன அத்தைக்கு ஒரு படி குறையும். ஆஸ்பத்திரியில் வந்து பார்த்த மாமிக்கு ஒரு படி கூடும். அந்தப் பட்டியலில் நான் எங்கே இருக்கிறேன் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டுப் பிரிவில் மெத்தை விரித்து உட்கார வைத்தார்கள். பக்கத்து மெத்தையில் ஒரு முஸ்லிம் குடும்பம் நிக்காஹுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை துபாயிலிருந்து போனில் முகம் காட்டி, எதைக் காட்டினாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எரிச்சலாகிவிட்டது. என்னிடம் இரண்டு புடவையை நீட்டி, எது நல்லது என்று கேட்டார். நான் இரண்டையும் விட்டுவிட்டு அடியில் கிடந்த ஒன்றை உருவிக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ். நல்ல கைராசிம்மா உங்களுக்கு. உங்க கையாலயே எடுத்துக் குடுங்க, புள்ளைங்க நல்லாருக்கட்டும்."

எடுத்துக் கொடுத்தேன். அந்த வார்த்தை கொடுத்த தைரியத்தில்தான் நாத்தனார் புடவை பார்க்கலாமா என்று அம்மாவிடம் நானே கேட்டேன். பாரு பாரு, நீதான் நல்லா பாப்ப என்றாள்.

ஒரு மணி நேரம் பார்த்தேன். விற்பனைப் பெண் அலுக்காமல் மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் போட்டாள். கடைசியில் ஒன்று பிடித்தது: கத்திரிப்பூ நிறம், இலைப்பச்சைக் கரை, முந்தியில் சின்னச் சின்னக் கட்டம். ஜரிகை கண்ணைக் குத்தவில்லை. போட்டோவில் மணப்பெண்ணின் அரக்குப் பட்டுக்குப் பின்னால் நான் குனிந்து முடிச்சுப் போடும்போது எப்படித் தெரியும் என்றுகூட யோசித்துவிட்டேன். அந்தப் பெண் அதை என் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினாள். நன்றாகத்தான் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் நன்றாக இருந்தேன்.

முகூர்த்தத்துக்கு நாள் குறைவாக இருந்தால் ரவிக்கையையும் அந்தக் கடையிலேயே தைத்துத் தருவார்கள். பட்டு எடுத்த கையோடு அளவெடுக்கும் அம்மா டேப்போடு வந்துவிடுவார். வந்தார். நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். டேப்பின் நுனி என் தோளைத் தொட்டிருக்கும்.

"அவளுக்கு இல்லங்க," என்றாள் அம்மா. "அந்தப் புள்ளைக்கு எடுங்க."

அந்தப் புள்ளை என்றது என் சித்தப்பா மகளை. அவள் குழந்தையை வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அளவெடுக்கும் அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். என் கை இன்னும் மேலேதான் இருந்தது. அதை எப்போது கீழே இறக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. புடவை தோளில் இருந்ததும், அந்த விற்பனைப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் அதை மெதுவாக உருவி எடுத்ததும் நன்றாக நினைவிருக்கிறது.

தம்பியைப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நான் பார்த்ததும் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

அம்மாவை மாடிப்படி பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். பெண் வீட்டில் ஜாடையாகக் கேட்டுவிட்டார்களாம், வாழ்கிற பெண்ணாகப் பார்த்து முடிச்சுப் போட்டால் நல்லது என்று. அப்படியானால் என்னை ஏன் ஒரு மணி நேரம் தேட விட்டாய் என்றேன். உனக்குத்தானே நல்லது கெட்டது தெரியும் என்றாள். நான் விடவில்லை. அப்போதுதான் அம்மாவுக்கும் குரல் ஏறியது.

"உங்கப்பா போனதுலேருந்து எத்தனை மேடைக்குக் கீழ நின்னுருக்கேன்? பெத்த புள்ளை கல்யாணத்துல நானே மேடையேற முடியாம உங்க சித்தியை நிறுத்தப் போறேன். நான் ஒதுங்கலியா? நீயும் ஒதுங்கிக்க. செத்தா போயிடுவ?"

 அவள் ஒதுங்கி நின்ற மேடைகளை நானும் பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை அவளுக்காக வயிறு எரிந்திருக்கிறது. ஆனால் தனக்கு அப்படி வலித்ததை மகளுக்கும் செய்ய அவளுக்கு எப்படி மனம் வந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் கணவர் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தால் முதல் பந்தியில் உட்கார வைத்து இரண்டாவது அப்பளம் போட்டிருப்பார்கள். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் மாடிக்கு நான் போகவில்லை. கீழே இறங்கும்போது எங்களுக்கு ரோஸ்மில்க் கொடுத்தார்கள். குடித்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா சொல்றதும் சரிதானேக்கா, எதுக்குப் பிரச்சினை," என்றான். சரிதான் என்றேன். வேறென்ன சொல்வது.

கல்யாணத்தன்று நகைப்பையும் சீர்ச் சாமான்களும் இருந்த அறையின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். சாவிக்கு நான் ஆவேன், முடிச்சுக்கு ஆக மாட்டேன். கெட்டிமேளம் கேட்டபோது நான் அந்த அறைக்குள் தாம்பாளங்களுக்கு நடுவில் நின்றிருந்தேன். அட்சதையை யாரோ முன்பே கையில் கொடுத்திருந்தார்கள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். முடிச்சுப் போட எனக்குத் தெரியும் என்று அப்போது நினைத்தேன், சிரிப்புகூட வந்தது. பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாளே சித்தப்பா மகள் அந்தப் புடவையைக் கடைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "நீ எடுத்ததுக்கா. எனக்கு வேணாம். கட்டிக்கிட்டு நின்னப்ப உடம்பெல்லாம் கூசிச்சு," என்றாள். வேண்டாம் என்று சொல்லும் ரோஷம் எனக்கு இல்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் ரவிக்கை எனக்குச் சேராது, அவள் ஒல்லி.

ஆனியில் பட்டமளிப்பு விழா நெருங்கியபோது தம்பியும் அவன் மனைவியும் ஊருக்கு வந்திருந்தார்கள். ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தானாகவே கேட்டாள், முடிச்சுப் போட ஏன் அண்ணி நீங்கள் வரவில்லை என்று. அவர்கள் வீட்டில் எல்லோரும் நான்தான் போடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். உங்கள் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லையா என்றேன். கேட்க என்ன இருக்கிறது என்றாள். கள்ளமில்லாத முகம். அம்மா அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். திரும்பவில்லை. குழம்பில் உப்புப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போட்டாள். அன்று அந்தக் குழம்பை யாரும் சாப்பிட முடியவில்லை.

விழாவுக்குப் போகிற அன்று காலையில் அந்தக் கத்திரிப்பூப் பட்டை எடுத்துக் கட்டினேன். பழைய பச்சை ரவிக்கை ஒன்று சுமாராகப் பொருந்தியது. காலேஜ் பிள்ளைகளோடு பட்டம் வாங்கப் போகிறவள் பட்டும் ஜரிகையுமாகப் போனால் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரிக்கட்டும் என்று இருந்தது.

அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். புடவையைப் பார்த்தவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பி வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, மனதாரச் சிரித்தான்.

"சூப்பரா இருக்குக்கா. எப்ப எடுத்த இது?"

"உன் கல்யாணத்துக்கு எடுத்தது."

"அப்படியா? அன்னிக்கி ஏன் கட்டல?"

விளையாடுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டான். அந்தச் சோபா, அந்தக் கண்ணாடி, தூக்கிய என் கை, எதுவுமே அவனுக்கு நினைவில் இல்லை. இரண்டு மாதமாக நான் மனதுக்குள் இவனோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இவன் அந்தச் சண்டைக்கு வரவே இல்லை.

"இது நாத்தனார் கட்டுற புடவை தம்பி," என்றேன். "அன்னிக்கி உனக்கு அக்கா இல்ல."

அவன் முகம் மாறியது.  பிறகு குனிந்து பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். புதுச்சேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.