சராசரியில் தொலைந்த தட்டல்

எனக்குப் பொறுமை கிடையாது. அதிர்வைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய வந்தவளுக்கு அது பெரிய குறை. ஒரு மெல்லிய இரும்புப் பட்டையின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து ஆட்டுவேன். மறுமுனை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கத்திலிருக்கும் போல்ட்டில் ஒரு தடவை முட்டும். அடியின் பலம் திரையில் புள்ளியாக விழும். ஆட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இந்த ஒழுங்கு குலையும், ஓர் அடி பலமாகவும் அடுத்தது மெலிதாகவும் மாறி மாறி விழும், திரையில் புள்ளி இரண்டாகப் பிளக்கும் என்று என் கணக்குச் சொன்னது. பட்டை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடமாகத் திரையில் ஒரே ஒரு புள்ளிதான்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கையை விரித்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் அந்தப் பிளவைக் காட்டாவிட்டால் அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டும். அதை எடுத்தால் ஆய்வேட்டில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

ஞாயிறு மதியம், மே மாத வெயில். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் கூலர் ஜன்னல் கம்பியில் மோதிக் கடகடத்தது. இதற்கு இங்கே எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம், பழைய பேப்பரை மடித்து இடுக்கில் சொருகுவது. எங்கள் பேப்பர் நனைந்து விழுந்துவிட்டிருந்தது.

"ஏட்டி, மண்டைய இடிக்கி. ஜல்தி ஒரு பேப்பர மடிச்சுச் சொருகு" என்றாள் அம்மா. தில்லிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவள் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை, இந்திதான் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

பேப்பரோடு போய்ச் சுவிட்சை அணைத்தேன். விசிறியின் வேகம் குறையக் குறைய, கடகடப்பு தனித்தனித் தட்டலாகக் கேட்டது. டங், டிக், டங், டிக். ஓங்கி ஒன்று, லேசாக ஒன்று. பிறகு எல்லாம் ஒரே அளவாகி நின்றது. என் கணக்குச் சொன்னது இதைத்தான்! மறுபடி போட்டேன், அணைத்தேன். ஏழெட்டுத் தடவை.

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? மோட்டார் எரிஞ்சிரும்ட்டி!"

"கேளும்மா! ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது!"

"அதத்தான காலையில இருந்து கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

துருப்பிடித்த கூலர் செய்வதை என் பட்டை ஏன் செய்யவில்லை? கூலர்மேல் எனக்குப் பொறாமையே வந்தது. இதே சத்தத்தை ஆய்வகத்தில் பதிவு செய்தால் என்ன தெரியும் என்று யோசித்தேன். சென்சாரில் கலக்கும் இரைச்சலை நீக்க, நூறு ஆட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பது எங்கள் வழக்கம். ஐம்பது பெரிய அடி, ஐம்பது சின்ன அடி. சராசரி? நடுத்தரமாக ஒரே அடி! அட மடச்சி! மென்பொருளில் ‘சராசரி’ என்ற கட்டத்தில் டிக் போட்டவள் நான்தான். புள்ளி எவ்வளவு சுத்தமாக விழுகிறது என்று பெருமையடித்தவளும் நான்தான்.

பேப்பரை அம்மா கையில் திணித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். "பையா, ஜல்தி" என்று இந்தியில் நான் பதறியதில் ஆஸ்பத்திரி கேஸ் என்று நினைத்தாரோ என்னவோ, ஓட்டுநர் சிக்னலுக்குச் சிக்னல் திரும்பிப் பார்த்தார். வழியிலேயே பேராசிரியருக்குப் போன் போட்டேன். பல்கலைக்கழக வளாகத்திலேயே குடியிருப்பவர், தூக்கம் கலைந்த கோபத்தோடு ஆய்வகத்துக்கு வந்து நின்றார்.

மென்பொருளில் அந்தச் சராசரி டிக்கை எடுத்தேன். புள்ளி இரைச்சலில் கலைந்து ஒரு திட்டாக விழுந்தது. வேகத்தை மெல்லக் கூட்டினேன். ஒன்று, ஒன்றேதான். என் கணக்குச் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் திட்டு இரண்டாகப் பிளந்தது. நான் கத்தியேவிட்டேன்.

அவர் என்னை நகர்த்திவிட்டு வேகக் குமிழைப் பிடித்தார். குறைத்தார், ஒன்று. கூட்டினார், இரண்டு. இன்னும் கூட்டினார், நான்கு! அதுவும் என் கணக்கில் இருந்ததுதான்.

"அரே வாஹ்!" என்றார். உடனே முகம் மாறியது. இதுவரை எடுத்த அளவீடுகள் என்று இந்தியில் இழுத்தார்.

"எல்லாமே சராசரிதான் சார்."

ஒரு வருட உழைப்பு, மொத்தமும் குப்பை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சிரித்துக்கொண்டே புதுக் கோப்பைத் திறந்து, முதல் வேகத்திலிருந்து ஆரம்பித்தேன்.