முட்டைக்கோஸுக்குப் பின்னால் ஓர் உளவாளி

நல்லுசாமி இருபத்திரண்டு வருடம் உளவுப் பிரிவில் வேலை பார்த்தவர் என்பது பரம ரகசியம். 1979இல் ஓய்வு பெற்று, மனைவி சந்திரமதியோடு மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பலகை வீட்டுக்குக் குடிவந்தபோது, மீன்வளத் துறையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்ததாக எல்லோரிடமும் சொல்லிவைத்தார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்ட ஜனங்கள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து, "வாங்க, ரகசியப் போலீஸ் ஐயா" என்று கூப்பிட்டார்கள்.

சும்மா இருக்க முடியாமல் அவர் துப்பறியும் நாவல் ஒன்று எழுதத் தொடங்கினார். உத்தியோக ரகசியங்களை வெளியிடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். உண்மையில் வெளியிட அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. சர்வீஸில் பாதி, காருக்குள் உட்கார்ந்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு எவனோ ஒருவனுடைய சாத்திய கதவைப் பார்ப்பதிலேயே போயிருந்தது. அவருடைய கதாநாயகன் செழியனும் அப்படியே உட்கார்ந்திருந்தான். 'மாலை 4.10: கதவு மூடியிருக்கிறது. 4.25: கதவு இன்னும் மூடியிருக்கிறது.' எழுதியதையெல்லாம் இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

இருநூறு பக்கம் தாண்டியும் செழியனுக்குக் குற்றவாளி கிடைக்கவில்லை. எங்காவது ஒரு மர்மம் கண்ணில் பட்டால் தேவலை என்றிருந்த சமயத்தில்தான் லோரி ஓட்டும் பக்கிரிசாமி அகப்பட்டான். வியாழக்கிழமை தவறாமல் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கியா பார்ம் காய்கறிச் சந்தைக்குப் போய்வந்தான்.

அடுத்த வியாழன், நல்லுசாமி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தன் பழைய மோரிஸ் காரில் பின்தொடர்ந்தார். பிரிஞ்சாங் ஊரைத் தாண்டியதும் பனி அப்பிக்கொண்டது. லோரி ஓரம் கட்டியது. பக்கிரிசாமி இறங்கி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, கறுப்புக் கண்ணாடியக் கழட்டுங்கலா. பள்ளத்துல விட்டுறப் போறீங்க. பின் லைட்டப் பாத்துக்கிட்டே வாங்க, நானும் மெதுவாப் போறேன்."

அவரும் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனார்.

பொட்டலம் நீலாவின் காய்கறிக் கடையில் இறங்கியது. நீலா முன்பு தாப்பா டவுனில் தட்டச்சு வேலை பார்த்தவள். நல்லுசாமி முட்டைக்கோஸ் கூடைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கடைப் பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொள்ள, நீலா பொட்டலத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள்:

"செழியன் காரை விட்டுப் பாய்ந்தான். கதவை உதைத்துத் திறந்தான். உள்ளே கமலி நின்றாள். அவள் கையில் துப்பாக்கி, கண்ணில் கண்ணீர்!"

"ஐயோ, சுட்டுட்டாளா?" என்று அலறினாள் ஒருத்தி.

"என் செழியன் கார விட்டு இறங்கவே இல்லியே!" என்று நல்லுசாமி துள்ளி எழுந்தார். கூடை கவிழ்ந்து முட்டைக்கோஸ்கள் சாலையில் உருண்டன. கமலி யாரென்றே அவருக்குத் தெரியாது.

நீலா ஒன்றை எட்டிப் பிடித்தபடி, "எல்லாம் உங்க வீட்டு அக்கா எழுதுறதுதான் ஐயா. நான் டைப் மட்டும்தான் அடிக்கிறேன்" என்றாள்.

வீட்டில் சந்திரமதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரிய எப்படித் தொறந்த?"

"குளிக்கப் போறப்ப கயித்த ஆணியில மாட்டுவீங்கல்ல? சாவிய சோப்புல அழுத்தி அச்சு எடுத்தேன். டவுன்ல வெட்டிக் குடுத்தாங்க."

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். எழுதிக்கிட்டே தூங்கிட்டீங்க ஒரு நாளு. மூணாவது அத்தியாயம் மேசையில தொறந்து கெடந்துச்சு. அது ஒண்ணுதாங்க நல்லா இருந்துச்சு."

நல்லுசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், தட்டச்சுப் பிரதியைப் பொழுதுபோகாமல் புரட்டியவர், சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் படித்து முடித்தார். பிறகு தயங்கித் தயங்கி அடுப்படிக்குப் போனார்.

"கமலி கையில இருக்கிறது ரிவால்வர்னா ஆறு குண்டுதான் மதி. நீ ஒம்பது தடவ சுட வச்சிருக்கே."

"அப்படியா? சரி, அந்த மூணக் கழிச்சுருவோம். உக்காருங்க."

1984இல் நாவல் இரண்டு பேர் பெயரிலும் வெளிவந்தது. லயத்தில் வீட்டுக்கொரு பிரதி வாங்கினார்கள். பக்கிரிசாமி மட்டும் வீடு தேடி வந்து சண்டை பிடித்தான்: வாராவாரம் உயிரைப் பணயம் வைத்துப் பொட்டலம் சுமந்தவனுக்கு ஒரு சின்ன வேஷம்கூட இல்லையா? இரண்டாவது நாவலில் அவனை வில்லனாகப் போட்டார்கள். அதிலிருந்து அவன் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டுதான் லோரி ஓட்டினான்.