நம்ம ஆளு

என் அக்காவின் புருஷனுக்கு அவருடைய அறையில் இருப்பவர்கள் வைத்த பெயர் பத்தியம். ஏசி மெக்கானிக். இந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்த பிறகும் கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தவரில்லை. தானே பொங்கி, தானே தின்று, தானே கழுவிக் கவிழ்ப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு லீவு நாளில் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சின்னவளே, உலக உணவுத் திருவிழாவாம். கூட வா."

நான் தையல் கடையில் பாவாடை ஓரம் அடிக்கிறவள். கூட்டம் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் போனேன். ஊரில் அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். கம்பெனி லீவு கொடுத்துவிட்டது, டிக்கெட் கொடுக்கவில்லை. திருவிழாவில் ஒரு அட்டை தருவார்கள். எல்லா நாட்டுக் கடையிலும் ஒரு வாய் சாப்பிட்டு முத்திரை வாங்க வேண்டும். நிரம்பிய அட்டையைப் பெட்டியில் போட்டால் குலுக்கல். விழுந்தால், சொந்த ஊருக்குப் போய்வர விமான டிக்கெட்.

"நிரம்பின அட்டை அதிகம் இருக்காது. எல்லாத்தையும் தின்ன எவனுக்குத் தைரியம் வரும்?" என்றார் அத்தான்.

முதல் கடையில் பச்சை மீன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கினார். அடுத்த கடையில் பூசணம் பூத்த பாலாடைக்கட்டி.

"கெட்டுப் போச்சுன்னு அவங்ககிட்ட சொல்லு."

"அது அப்படித்தான் அத்தான்."

"அப்படின்னா நல்லாருக்குன்னு சொல்லு."

குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஒவ்வொரு வாய்க்கும் "இது பேரனுக்கு, இது பேத்திக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு கடையில் இறகுத் தொப்பியை மாட்டி ஆடச் சொன்னார்கள். ஆடினார். முத்திரைக்காக ஆடுகிறார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவு ஈடுபாடு.

அட்டையில் ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. அது நம் நாட்டுக் கடை.

"இனி பயமில்ல. நம்ம வீடு மாதிரி" என்று வேகமாக நடந்தார்.

கடையில் நம்மவர்கள் சங்கத்தின் தலைவர் பெரிய பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றார். அத்தானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, நம்ம ஆளு! வாங்க வாங்க. பரிமாற ஆளில்லாம தவிச்சுட்டிருக்கோம்."

தோளில் கை போட்டு மேஜைக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இல்ல தலைவரே, ஒரு முத்திரை..."

"முத்திரை எங்க ஓடிடப் போகுது? விருந்தாளிங்க முதல்ல. நம்ம ஆளுங்க கடைசியா சாப்பிட்டுக்கலாம்."

அதற்குள் ஒரு தட்டு நீண்டது. நீண்ட தட்டைக் காலியாக விடுகிற கை அத்தானுக்கு இல்லை. கரண்டியை எடுத்துவிட்டார்.

"அண்ணே, அந்த அட்டை..." என்றேன் தலைவரிடம். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இரும்மா தங்கச்சி. சும்மா நிக்காம அந்தக் கிண்ணத்தையெல்லாம் கழுவு."

கழுவினேன். கழுவிக்கொண்டே முத்திரைக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தலைவரின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வந்த வெளியாட்களுக்கெல்லாம் அவர்கள் வாயில் வைக்கும் முன்பே ஓங்கிக் குத்தினார். பெரிய தொப்பிக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் அட்டையிலும் நம் கட்டம் மட்டும்தான் பாக்கி. தலைவர் குத்திக் கொடுத்தார். அத்தான் அவருக்கு ஒரு கரண்டி குழம்பு கூடவே ஊற்றினார்.

பெட்டியை மூடப் போவதாக மைக்கில் சொன்னார்கள். அத்தான் கரண்டியை வைத்துவிட்டு அட்டையை நீட்டினார்.

"இதோ, இவங்க மட்டும்" என்று தலைவர் வரிசையைக் காட்டினார்.

இவர்கள் மட்டும் முடிந்தபோது மேடையில் தொப்பிக்காரர் டிக்கெட்டோடு நின்றிருந்தார். நம் சோற்றைத் தின்றவர் ஜெயித்துவிட்டார் என்று தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அத்தானும் தட்டினார்.

"இப்ப குடுங்க உங்க அட்டையை" என்று வாங்கி, தலைவர் இரண்டு முத்திரை குத்தினார். "நம்ம ஆளுக்கு ஒண்ணு கூடவே இருக்கட்டும்!"

சாப்பாடு தீர்ந்திருந்தது.

பஸ்ஸில் வரும்போது அக்கா போன் செய்தாள்.

"குலுக்கல்ல நம்ம பேரு விழல" என்றார் அத்தான். பெயர் பெட்டிக்குள்ளேயே போகவில்லை என்பதைச் சொல்லவில்லை.

"நமக்கு என்னைக்கு விழுந்துச்சு?" அக்கா உடனே நம்பிவிட்டாள். "சாப்பிட்டீங்களா?"

"பச்சை மீன், பூசணம் புடிச்ச பாலாடை... எல்லா நாட்டுச் சாப்பாட்டையும் தின்னேன்."

அக்கா சிரித்த சிரிப்பு பக்கத்து சீட்டுக்காரரைத் திரும்ப வைத்தது.

"யாருகிட்ட கதை விடுறீங்க? என் முன்னாடி உக்காந்து தின்னு காட்டுங்க, நம்புறேன்."

"சரி."

"எப்போ?"

அத்தான் போனை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.