கார்க் கதவடியில் செருப்புகள்

அந்தக் கார் எங்கேயும் போகவில்லை. போவதற்கு அதில் எஞ்சின் இல்லை. மரத்தாலும் ஃபைபராலும் செய்து, வெள்ளி நிறம் பூசி, நான்கு சக்கரத்தை மட்டும் உண்மையானதாகப் பூட்டி, வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். முந்திய நாள் கல்யாணத்தின் மல்லிகை வாசம் இன்னும் மண்டபத்தை விட்டுப் போகவில்லை. மேலே தொங்கிய விளக்குகளின் வெளிச்சம் காரின் முதுகில் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்கண்ணாடியில் தங்கியது. யாரோ கண்ட கனவைத் திரும்பிப் போகும்போது எடுத்துப் போக மறந்துவிட்டார்கள் என்றுதான் வாசலில் நின்ற எனக்குத் தோன்றியது.

கொழும்புக்கு வெளியே கார்களைப் பொருத்தி விற்கும் ஒரு கம்பனி, முதல் தடவையாக வெளி உடம்பையும் தானே வரைந்து ஒரு வண்டி செய்யப் புறப்பட்டிருந்தது. பின்பக்கம் நீண்டு, வீட்டுச் சனத்தையும் சாமானையும் ஏற்றிக்கொள்ளும் ஸ்டேஷன் வேகன். ஆனால் பந்தயக் கார் மாதிரித் தாழ்ந்து, சரிந்து, பாயத் தயாராக இருக்க வேண்டும். விளம்பர வேலை கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் ஆபீசுக்கு வந்தது. வண்டியைச் செய்ய முன்னர் சில குடும்பங்களைக் கூப்பிட்டு, மாதிரியில் ஏற்றி இருத்தி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்கப் போகிறோம் என்றார்கள். தமிழில் சொல்வதை எழுதிக்கொள்ள என்னை அனுப்பினார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த வேலை வேறு இருந்திருக்காது. நான் எந்தக் கலைக் கல்லூரி வாசலையும் மிதித்தவளல்ல. கொட்டாஞ்சேனையில் கல்யாணக் கார்ட் அடிக்கும் அச்சகமொன்றில், பிள்ளையாரை எங்கே வைப்பது, மாப்பிள்ளையின் பட்டங்களை எப்படி ஒரே வரிக்குள் அடக்குவது என்று பழகிப் பழகி வந்தவள். இந்த ஆபீசில் பதினொரு வருடம். மற்றவர்கள் யோசித்த படங்களை நேராக்கி, நிறம் பார்த்து, அச்சுக்கு அனுப்புவேன். நானாக யோசித்த படம் ஒன்றாவது வீதியோர விளம்பரப் பலகையில் ஏற வேண்டும் என்ற ஆசை உள்ளே கிடந்தது. வெளியே சொன்னதில்லை. சனங்கள் கதைப்பதைக் கேட்டுக் கொப்பியில் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் எப்போதும் உண்டு.

அன்று கொப்பி நிறைந்தது. இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் காரை மூன்று தரம் சுற்றி வந்தார். "நிக்கேக்கையே ஓடிக்கொண்டு இருக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அவருடைய மனைவி பின்கதவைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இது டிக்கி இல்லை. எங்கட பிளாட்டில மூண்டு அறை. இதோட நாலு."

"அப்ப நான் இதுக்குள்ள படுக்கிறன்."

"படுங்கோ. எனக்கு ஒரு நாளாவது குறட்டை இல்லாமல் விடியட்டும்."

வண்டியை வரைந்த பொறியியலாளர் கூரையின் சரிவைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஏறிய ஓர் அம்மாவுக்கு அந்தச் சரிவில் கொண்டை இடித்துவிட்டது. "தம்பி, கொண்டையையும் ஒரு ஆளாக் கணக்கெடுங்கோ" என்றார். மனிதரின் முகம் வாடிப்போனது. ஆனால் பிறகு வந்த வரைபடத்தில் கூரை பின்பக்கம் இரண்டு விரல் உயர்ந்திருந்தது.

வாயால் சொன்னவை இவை. சொல்லாத ஒன்றும் அங்கே நடந்தது. ஏறியவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். கழற்றுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. புதுக் கார் என்றால் எங்கள் சனத்துக்குக் கால் தானாகக் கூசும். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, முன்னால் பார்த்தபடி இருப்பார்கள். நெடுந்தூரம் போகிறவர்களின் முகம். பிறகு மற்றப் பக்கக் கதவால் இறங்கி, வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நின்று, செருப்பு எங்கே என்று தேடுவார்கள். ஒரு அடியும் நகராத வண்டி அவர்களை வேறெங்கோ கொண்டுபோய் இறக்கியிருந்தது.

அந்த நேரம் எனக்குப் படம் வந்துவிட்டது. கடலோரத்தில் கார். நான்கு கதவும் திறந்திருக்கிறது. கதவடியில் வரிசையாகச் செருப்புகள். ஆட்கள் இல்லை. பின்னால் கடல் மட்டும். பார்க்கிறவர் தன் செருப்பையும் அந்த வரிசையில் விட்டுவிட்டு ஏறிக்கொள்ளட்டும்.

எங்கள் ஆபீஸ் முதலாளி மருதானையில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெரியவர். எதையும் சட்டென்று புகழாதவர். நான் பென்சிலால் கீறிய தாளை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இது யார்ட ஐடியா?"

"என்ட, சேர்."

"பதினொரு வருஷமா இத எங்க ஒளிச்சு வெச்சீந்தீங்க, மகள்? மிச்சம் நல்லா ஈக்கி." மிக நன்றாக இருக்கிறது என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் வண்டி ஓடத் தொடங்கியபோது படம் எடுக்கப் புறப்பட்டோம். கடையில் வாங்கிய புதுச் செருப்புகளை வைத்தால் செருப்புக் கடை விளம்பரம் போலாகிவிடும் என்று, ஆபீசில் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கினேன். முதலாளியின் தோல் செருப்பு, கணக்குப் பிரிவுப் பெண்ணின் மணி வைத்த செருப்பு, என் மகளின் முயல் படம் போட்ட குட்டிச் செருப்பு. ஆபீசில் தேத்தண்ணி ஊற்றித் தரும் அக்கா தன் நீலவார் றப்பர் செருப்பைக் கழற்றி, குழாயடிக்குக் கொண்டுபோனார். "கழுவித் தாறன் புள்ள. படத்துக்குப் போற செருப்பு ஊத்தையோட போகப்படாது" என்றார்.

விடிந்தும் விடியாத நேரம், வெள்ளவத்தை மரைன் டிரைவ். வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ரெயில் பாதை மட்டும். கடல் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் அசையாமல் இருந்தது. செருப்புகளை ஒவ்வொரு சோடியாக வைத்தேன். பாணந்துறைப் பக்கமிருந்து ஒரு ரெயில் வந்தது. கதவுகளில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் ஆளில்லாத காரையும் செருப்புகளையும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள். ரெயில் போன பிறகு வந்த அமைதியில்தான் படம் விழுந்தது. கமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்தபோது என் கால் நிலத்தில் இல்லை.

பெரிதாக அச்சிட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினோம். கம்பனியின் விற்பனை மேலாளர் போனில் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார். அடுத்த நாள் காலை வந்து கையெழுத்து வைப்பார். பிறகு கொழும்பிலிருந்து தெற்கே போகும் காலி வீதி நெடுகப் பலகைகளில் ஏறும். எல்லோரும் எனக்குக் கை தந்தார்கள்.

நான்கு மணிக்கு அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். அவருடைய சொந்த ஊர் கல்முனைப் பக்கம், கடற்கரைக் கிராமம். படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"என்ட செருப்புக் கிடக்கு" என்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, "ஆள் எங்க, புள்ள?" என்றார்.

நான் சிரித்தேன். "காருக்குள்ள எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"காருக்குள்ள ஒருத்தரும் இல்லையே. கதவெல்லாம் துறந்து கிடக்கு."

படத்தில் இருந்த கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெறும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் அவர் ஒவ்வொரு வருடமும் ஊருக்குப் போவார். சுனாமியில் அவர் வீட்டில் யார் யார் போனார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கடல் ஊருக்குள் வந்து திரும்பிப் போன பிறகு கரையில் என்ன மிஞ்சிக் கிடந்தது என்பதை நாங்கள் எல்லோரும் அந்த நாட்களில் டிவியில் பார்த்திருக்கிறோம். ஒற்றைச் செருப்புகள், கதவு திறந்த வாகனங்கள். என் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். முயல் போட்ட குட்டிச் செருப்பு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. அப்படி வைத்தது நான்தான்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் மரைன் டிரைவில் நடந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. அக்கா வேறு யாரிடமும் சொல்ல மாட்டார். பலகை ஏறும், பதினொரு வருட ஆசை தீரும். காற்று வாங்க வந்த சனம் சுவரில் வரிசையாக இருந்தது. வானம் மாம்பழத் தோலின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. இறால் வடை பொரிக்கும் வாசத்தோடு உப்பும் கலந்து வந்தது. இப்படியே நடந்துகொண்டே இருந்தால் நாளைக்கு என்ற ஒன்று வராமலே போய்விடும் போல இருந்தது.

அலையைத் தடுக்கப் போட்ட கல் அணைக்கு இந்தப் பக்கம் மூன்று சோடிக் குட்டிச் செருப்புகள் கிடந்தன. பிள்ளைகளைக் காணவில்லை. என்னை அறியாமல் நான் ரெயில் பாதையைக் கடந்து போய், அலைக்குப் பக்கத்தில் தலைகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தலை தெரிந்த பிறகும் இன்னொரு தரம் எண்ணினேன். தாய் பக்கத்திலேயே நின்று, "விளையாடினது காணும், வாங்கோ! கால்ச்சட்டை நனைஞ்சா பஸ்ஸில ஏத்தமாட்டாங்கள்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இனி அந்தப் படத்தை என்னால் மேலே ஏற்ற முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அக்கா படத்தில் கண்டதைக் காலையில் முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ளைக்குத்தானே அப்படித் தெரியிது. மத்தாக்களுக்கு?"

"இப்ப எனக்கும் தெரியுது, சேர்."

எழுந்து போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். "இப்ப எனக்கும்தான்" என்றார். "சொல்லாம ஈந்தீக்கலாம் நீங்க."

"ஓம் சேர். இருந்திருக்கலாம்."

விற்பனை மேலாளர் சிங்களவர். கையெழுத்துப் பேனாவோடு வந்தவருக்கு முதலாளி சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். அவர் மேசையில் கிடந்த பிரதியைக் கவிழ்த்து வைத்தார். அவருடைய ஊர், அதே சுனாமி அடித்துப் போன தெற்குக் கரையில், காலிப் பக்கம் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். "அப்ப ஆக்களைப் போடுங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார். "ஒரு கிழமை தாறன்."

ஏழே நாளில் நடிக்க ஆள் எங்கே தேடுவது? செருப்புத் தந்தவர்களையே கூப்பிட்டேன். அக்கா மட்டும் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "நான் கடல் பக்கம் வாறல்ல புள்ள. நீங்க போங்க. எல்லாருக்கும் சாப்பாடு கட்டித் தாறன்."

அதே மரைன் டிரைவில், பின்கதவைத் தூக்கி, அந்த நாலாவது அறைக்குள் இருந்து, வாழையிலைப் பார்சலைப் பிரித்து இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்டோம் என்று சொல்லக் கூடாது. சாப்பிட்டது அவர்கள். நான் கமராவுக்குப் பின்னால் நின்றேன். என் மகள் சொதிக் கையை முதலாளியின் சேர்ட்டில் துடைத்தபோது அவர் கத்தினார், எல்லோரும் சிரித்தார்கள், படம் விழுந்தது. கார் பாதிதான் தெரிந்தது. "ஸ்போர்ட்டியா இல்லையே" என்று பொறியியலாளர் முணுமுணுத்தார். அதற்காக, புறப்பட்டு ஓடும் வண்டியின் படமொன்றைக் கீழே சின்னதாகச் சேர்த்தோம்.

முதல் படத்தின் அழகு இதில் இல்லை. விளம்பர உலகத்தில் யாரும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. சில மாலைகளில் அந்த ஆளில்லாத காரை நான் நினைத்துக்கொள்வேன், பொய் சொல்ல மாட்டேன்.

பலகை வெள்ளவத்தையில் ஏறிய கிழமை, எதிரே பஸ் தரிப்பில் நின்றேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் மரக்கறிப் பைகளோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர்தான் தகப்பன். சேர்ட்டில சொதி ஊத்துப்பட்டிருக்கு."

"விசர்க் கதை. தகப்பன் எண்டா கத்தி முடிஞ்சு இப்பிடிச் சிரிப்பாரே? அது பெரியப்பா."

"அப்ப தகப்பன் எங்க?"

"கார் வாங்கின கடனைக் கட்ட வேலைக்குப் போயிருப்பார்."

ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி. தகப்பனோ, பெரியப்பாவோ?"

நான் மேலே பார்த்தேன். நன்றாக யோசித்தேன்.

"பெரியப்பாதான்" என்றேன்.