பூண்டுக்காரரின் எடை

தைவானில் ஜியாயி நகரத்துப் பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்து புற்றுநோய் மருந்து கலப்பவள் லியாவ் பீயுன். வயது ஐம்பத்து மூன்று. வாய் ஓயாத பெண். அப்படிப்பட்டவளைப் பேச்சுத் துணையே இல்லாத அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார வைத்தது யார் செய்த குறும்போ தெரியாது.

அந்த மருந்துகளின் குணம் அப்படி. அளவோடு ஏறினால் நோயை அடக்கும். கலக்கிறவர் தோலில் ஒரு சொட்டு தெறித்தால் அவரையும் சும்மா விடாது. அதனால்தான் இரண்டு அடுக்குக் கையுறை, முதுகில் கட்டும் நீர் புகாத அங்கி, காற்றை உள்ளிழுக்கும் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் கைகள் மட்டும்தான் போகும். வெளியே வென்ஹாவ் என்ற இன்னொரு மருந்தாளுநர் நின்று, அவள் உரக்கப் படிப்பதைச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பான்.

நோயாளிகளின் முகம் பீயுனுக்குத் தெரியாது. பெயர் தெரியும், எடை தெரியும். உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் மருந்தின் அளவு என்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது எடை எழுதி வரும். அறுபத்தொன்று, ஐம்பத்தேழு, ஐம்பத்து மூன்று என்று இறங்கிக்கொண்டே போகும். அவளும் அளவைக் குறைத்துக்கொண்டே போவாள். பார்த்தே இராத மனிதர்கள் தேய்வதை எண்களில் பார்ப்பது கொடுமை. அந்தக் கொடுமையை வெளியே வந்து பேசித்தான் தீர்த்துக்கொள்வாள்.

அது மார்ச் மாதம், பூண்டு அறுவடைக் காலம். காலை ஒன்பதரைக்கு ஹௌ கிம்தூ என்பவரின் சீட்டு வந்தது. எடை தொண்ணூற்றேழு கிலோ, மருந்து நூற்றெண்பது மில்லிகிராம். போன தடவை அதே மனிதருக்கு ஐம்பத்திரண்டு கிலோ, நூற்று முப்பது மில்லிகிராம். கணினி சிவப்பாக எச்சரித்திருக்கிறது. மேலே யாரோ ‘நோயாளியே உறுதி செய்தார்’ என்று தட்டி அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

பீயுன் ஊசியைத் தொடவில்லை. வென்ஹாவிடம் தலைமைச் செவிலி சூஜெனைத் தொலைபேசியில் பிடிக்கச் சொன்னாள்.

“சூஜென், கிம்தூவுக்குத் தொண்ணூத்தேழு கிலோன்னு போட்டிருக்கு. மூணு வாரத்துல ஒரு மனுசன் நாப்பத்தஞ்சு கிலோ ஏறுவானா?”

“எங்க எடை மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்குக்கா. நேத்து போன்ல நானே கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் தொண்ணூத்தேழுன்னு காது கிழியக் கத்தினாரு. கலக்கி அனுப்புங்க, பதினோரு பேரு காத்திருக்காங்க.”

“ஆளப் பாத்தியா?”

“இன்னும் மேல வரல. அக்கா, சந்தேகப்படுறதுக்கு நல்ல நேரம் பாத்தீங்க!”

பீயுன் சந்தையில் பன்றி இறைச்சிக் கடை வைத்திருந்தவரின் மகள். கிலோவைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றாள். வீட்டிலும் சந்தையிலும் எல்லாமே கின், அதாவது அறுநூறு கிராம். விலை கேட்பவரும் சொல்பவரும் எண்ணை மட்டும் சொல்வார்கள், கின் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தொண்ணூற்றேழை அறுநூறால் பெருக்கிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு கிலோ. நூற்றெண்பது ஏறியிருந்தால் அந்த உடம்பு தாங்கியிருக்காது. நரம்பில் ஏறிய மருந்தைத் திரும்பி வா என்றால் வருமா?

ஆனால் ஐம்பத்தெட்டும் ஊகம்தானே. ஊகத்தை நம்பி ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. கையுறைகளை உள்பக்கம் வெளியே வரும்படி உருவி மூடிபோட்ட தொட்டியில் போட்டாள், அங்கியைக் கழற்றினாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

சிகிச்சைக் கூடத்து வாசலில் ஒல்லியான ஒரு மனிதரும், பருத்த ஓர் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் மீதும் பூண்டு வாசனை. சூஜெனும் வந்து, இவர்தான் கிம்தூ என்று காட்டினாள்.

“கிம்தூ அண்ணே, தொண்ணூத்தேழுன்னீங்களே, அது எந்தத் தராசுல?” என்று கேட்டாள் பீயுன்.

“எங்க பூண்டு மண்டித் தராசுலதான். மூட்டை வைக்கிற இடத்துல ஏறி நின்னேன்.”

“கின்னா, கிலோவா?”

“பூண்டுக்கு எவன்மா கிலோ போடுவான்?”

“ஐயோ, கின்னா!” என்றாள் சூஜென்.

“இவரு தராசை நம்பாதீங்க. வாங்கறப்ப ஒரு எடை காட்டும், விக்கிறப்ப ஒரு எடை காட்டும்” என்றாள் அந்த அம்மாள்.

“ஏய், ஆஸ்பத்திரில வச்சு என் மானத்த வாங்காத!”

நல்ல தராசு எங்கே கிடைக்கும் என்று பீயுனுக்குத் தெரியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் கூடத்தில் எடை பார்க்காமல் ஒருவரையும் படுக்க விட மாட்டார்கள். உடம்பில் தண்ணீர் சேர்ந்து அரைக் கிலோ கூடினாலே அங்கே அர்ச்சனைதான். நால்வரும் அங்கே போனார்கள். கிம்தூ செருப்பைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்தையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறி நின்றார்.

ஐம்பத்தெட்டு கிலோ, இருநூறு கிராம்.

“பாத்தியா! என் தராசு நாணயமான தராசு!” என்று குதித்தார் கிம்தூ. “ஆறு கிலோ ஏறியிருக்கேன்டி!”

சூஜென் கைதட்டிவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. கட்டிலில் படுத்திருந்த ஒரு மூதாட்டி தலையைத் தூக்கினாள்.

“என்னங்கடி அநியாயம் இது? அரைக் கிலோ ஏறினதுக்கு என்னை வறுத்து எடுத்தீங்க. இந்தாளு ஆறு கிலோ ஏறிட்டு வந்து நிக்கிறான், கைதட்டுறீங்க!”

கூடமே சிரித்தது. மருத்துவர் வந்து கிம்தூவின் காலை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை.

“தண்ணி இல்ல டாக்டர், எல்லாம் வான்கோழிச் சோறு. காலையிலேயே ரெண்டு கிண்ணம் உள்ள போகுது” என்றாள் மனைவி. மருத்துவர் அங்கேயே புதுச் சீட்டு எழுதினார்: நூற்று முப்பத்தெட்டு மில்லிகிராம்.

திரும்பும் வழியில் சூஜென் பீயுனின் கையைப் பிடித்தாள். “எண்ணைக் கேட்டேன், எந்த எடைன்னு கேக்கலியேக்கா. இன்னிக்கி நான் ஒரு உசிரை...”

“போகலல்ல? இனிமே எண்ணைக் கேட்டா, கின்னா கிலோவான்னு அதோட வாலையும் சேத்துக் கேளு. போ, பதினோரு பேரு காத்திருக்காங்கன்னு நீதானே குதிச்ச.”

மறுபடி அங்கி, மறுபடி இரண்டு கையுறை. நூற்று முப்பது வரைக்கும் கை பழக்கத்தில் இழுத்தது. மிச்சம் எட்டு மில்லிகிராம். குறைத்தே பழகிய கை, கூட்டுவதற்கு ஒரு நொடி தயங்கியது. பிறகு ஊசித்தண்டை மெல்ல இழுத்தாள். இந்த மனிதர் தேறுகிறார்! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நூத்தி முப்பத்தெட்டு” என்று படித்தாள்.

“சரியா இருக்கு” என்ற வென்ஹாவ் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தான். “என்னக்கா, அழறீங்களா?”

“இந்தக் கையுறையோட கண்ணைத் தொடைக்க முடியுமாடா? அதான் வழியட்டும்னு விட்டுட்டுச் சிரிச்சிக்கிட்டிருக்கேன்.”